அவன் நா அறியாத மது

அல்பெர்கேரியா, பலெர்மோ
வைகாசி 11, 2025

அன்புத் தங்கை ஞானம்பிகைக்கு,

உடலளவில் நான் நலம். நீரும் மகள் ஜெனனியும் நலமென்று உமது வாயாலேயே கேட்கும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் எவர் கடிதம் எழுதுகிறார் என்று ஜெனனி சிரிப்பாள். சிரிக்கட்டும். தொலைபேசியைக் கையில் எடுத்தால் என் குரல் தானாக மேடையேறிவிடுகிறது. ஒருவருக்குச் சொல்லவேண்டியதை ஓராயிரம் பேருக்குச் சொல்வதுபோலச் சொல்லிப் பழகிய தொண்டை இது. தாளின் முன்னால்தான் அது தணிகிறது. எங்கள் பங்குக் கோவிலில் பாடுகிற செலஸ்ரீனா மன்னாருக்குப் பயணம் போகிறாள். யாழ்ப்பாணம் வந்து இதை உமது கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

வேறு எவர் வாயாலும் கேட்டு நீர் வருந்தக்கூடாது என்பதால் ஒரு செய்தியை நானே முந்திச் சொல்கிறேன். உமது கணவன் நகுலேஸ்வரன் மீன்காரன் வீத்தோவின் படகில் கடலுக்குப் போய்த் திரும்பாத அந்தக் கார்த்திகைக்குப் பிறகு, நாங்கள் பியரும் சோடாவும் செய்த பாண்டங்களையெல்லாம் துணியால் மூடி வைத்திருந்தேன் அல்லவா? அந்தத் துணியை எடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சித்திரையில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆண்டுவிழா வந்தது. முன்பெல்லாம் இஞ்சியும் தேசிக்காயும் சேர்த்து நொதிக்கவைத்த சோடாவை நானும் அவனும்தான் விழாவுக்குச் செய்து கொடுப்போம். இம்முறை பிள்ளைகளுக்குக் கடையில் நிறத்தண்ணீர் வாங்குவதாக இருந்தார்கள். செலஸ்ரீனா வந்து, பேச்சை வளர்க்காமல் ஒன்றே ஒன்று கேட்டாள். “மாஸ்ரர், சோடாவுக்கு என்ன துடக்கு?”

துடக்கு என்பது சாவு நடந்த வீட்டுக்கு உரியது. இங்கே சாவு நடந்ததாக எவர் சொன்னார் என்று வாதாட வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டு, பல்லாரோச் சந்தைக்கு இஞ்சி வாங்கப் போனேன்.

சோடா நன்றாக வந்தது. வந்ததும் கை அடங்கவில்லை. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியபின் நொதிக்கவைக்கும் மதுவத்தைத் தூவிப் பியரும் தொடங்கிவிட்டேன். நம்மவர் சிலருக்கு இவையெல்லாம் ஒன்றுதான். ‘மாஸ்ரர் மேடையிலை தமிழ், வீட்டிலை கசிப்பு’ என்று இங்குள்ள இளைஞன் லக்சன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறானாம். கசிப்பு நெருப்பில் இறக்குவது, இது தானே நொதிப்பது என்று விளக்கப் போனால் அதுவும் ஒரு சொற்பொழிவாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வேலைப் பங்கீடு உமக்குத் தெரியும். அவன் கை, நான் நா. நீர் இங்கே வந்து சேரும்வரை ஒரு துளி மதுவும் நாவில் வைப்பதில்லை என்று பெல்லெகிரீனோ மலைக்குகையில் புனித ரொசாலியாவிடம் நேர்ந்துகொண்டவன் அவன். சைவக்காரன் எங்கள் புனிதையிடம் ஏன் நேர்ந்தாய் என்று கேட்டதற்கு, “விசா இவங்கடை கையிலை இருக்கு மச்சான், பிள்ளையாரிட்டைக் கேட்டு என்ன பலன்?” என்றான். ஆக்குகிறவன் சுவைக்கமாட்டான், சுவைக்கிறவனுக்கு ஆக்கத் தெரியாது. இனிப்பை அளக்கும் கண்ணாடி மிதவைக்கோல் ஒன்று எங்களிடம் இருந்தது. அது உடைந்தபின் அவன் வேறு வாங்கவில்லை. என் நாக்கு ஊருக்கெல்லாம் உழைக்கிறது, அவனுக்கும் இந்தச் சிறு வேலையைச் செய்யட்டும் என்பான். அகஸ்ரின் என்று பேரை வைத்துக்கொண்டு தூயதமிழ் பேசுகிறாய் என்று என்னைக் கேலிசெய்வதும் அந்த நேரத்தில்தான்.

இப்போது கையும் நானே, நாவும் நானே. இதில் ஒரு துன்பம் இருக்கிறது. மூடி அடிக்குமுன் போத்தலின் கழுத்தை நகத்தால் சுண்டிப் பார்ப்பது அவன் வழக்கம். எதற்கென்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. சென்ற கிழமை வெறும்போத்தல் எடுத்துப்போக வந்த செலஸ்ரீனா வாசலில் நின்றபடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஏனென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிப் போத்தலை எடுக்காமலே போய்விட்டாள். பிறகுதான் என் விரலைப் பார்த்தேன். அது போத்தலின் கழுத்தில் இருந்தது.

இன்னொன்று. நொதிக்கும் கண்ணாடிக்குடத்தின் வாயில் நீர்நிரம்பிய வளைகுழாய் ஒன்று பொருத்துவோம். உள்ளே பிறக்கும் காற்று அந்த நீரைக் கொப்பளித்துக்கொண்டு வெளியேறும். முன்பு அது எனக்குச் சமையலறையின் ஓர் ஒலி. இப்போது, நண்பகலில் சந்தைக்காரர் கூவி ஓய்ந்தபின், நீருக்குள் இருந்து ஒருவன் பேச முயல்வதுபோல் கேட்கிறது. நான் வாழ்நாளெல்லாம் பேசியவன். அவ்வேளைகளில் நான் வாயடங்கி இருந்துவிடுகிறேன்.

வேலை வழமைபோல் நடக்கிறது. காலைத் தொடருந்தில் பகேரியா போய், அந்த முதிய வழக்கறிஞரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, தோட்டத்துக்கு நீரூற்றி மீள்கிறேன். அவரது கொடிகள் இவ்வாண்டு நன்றாகத் துளிர்த்திருக்கின்றன. அவன் படகேறிய ஸ்ஃபெர்ராகவால்லோக் கரைக்கும் மாதம் தவறாமல் போகிறேன். உணவகத்தில் அவன் கழுவிய தொட்டியில் இப்போது வேறொருவர் கழுவுகிறார். கரைக்காவலர் என்னைக் கண்டதும் தலையசைக்கிறார், அவ்வளவுதான். வீத்தோவை மறுநாளே கரைக்குத் தந்த கடல், மற்றவனைப் பற்றி இன்னும் வாய்திறக்கவில்லை.

நீர் வரும் நாளுக்கென்று, கடலுக்குப் போகுமுன் நிலவறையில் அவன் படுக்கவைத்த திராட்சை நுரைமதுப் போத்தல்கள் அப்படியே இருக்கின்றன. அவரே வந்து திறப்பார், ஒருவரும் தொடக்கூடாது என்று நீர் சொன்னதை மீறவில்லை. ஆனால் வெயில் ஏறத் தொடங்கியதும் அதில் ஒன்று வெடித்துவிட்டது. கழுத்தும் மூடியும் முழுதாக இருக்க, உடல் மட்டும் பொடியாகியிருந்தது. மற்றவற்றை மேலே எடுப்போமா, திறப்போமா என்று ஒரு வரி எழுதும். உமது சொல் எதுவோ அதன்படி செய்வேன்.

ஜெனனியைத் தேர்வுக்கு நன்றாகப் படிக்கச் சொல்லும். வேளாவேளைக்குச் சாப்பிடும். இறைவன் உம் இருவரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

அன்புடன் அண்ணன்,
அகஸ்ரின்

*

அல்பெர்கேரியா, பலெர்மோ
ஆடி 6, 2025

அன்புத் தங்கைக்கு,

செலஸ்ரீனாவிடம் நீர் கொடுத்தனுப்பிய கடிதமும் பருத்தித்துறை வடையும் வந்து சேர்ந்தன. வடையைப் பியரோடு சாப்பிட்ட லக்சன், கசிப்பு என்று சொன்னதை மீளப்பெற்றுக்கொண்டான். கடிதத்தை நான் ஒருமுறை வாசித்து மடித்து வைத்தேன். பிறகு மறுபடி எடுத்தேன்.

என்னுடைய ஆயுதத்தாலேயே என்னை வெட்டியிருக்கிறீர். “காணாமல் போனவனைச் செத்தவன் எண்டு எழுத ஒருத்தனுக்கும் உரிமையில்லை எண்டு நீங்கள்தானே அண்ணை மேடையிலை சொன்னியள். அந்த வீடியோ இப்பவும் என்ரை போனிலை கிடக்கு.”

சொன்னேன். காணாமலாக்கப்பட்ட உமது தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரக் கொட்டகையில் நீர் ஆண்டுக்கணக்காக இருந்ததை எண்ணித்தான் அன்று சொன்னேன். அச்சொல்லை இன்றும் மீளப்பெறமாட்டேன். ஆனால் அது ஓர் அரசை நோக்கிச் சொன்னது. ஆளைக் கொண்டுபோனவர் எவரென்று தெரிந்த இடத்தில், கொண்டுபோனவரே விடைசொல்லவேண்டும் என்று சொன்னது. கடல் அரசு அல்ல, தங்கச்சி. அதனிடம் மனுக் கொடுக்க முடியாது. அதன் வாசலில் கொட்டகை போட முடியாது. அதற்கு வெட்கமும் இல்லை, அச்சமும் இல்லை, அடுத்த தேர்தலும் இல்லை.

உமது கடிதத்தின் பின்பகுதி இதைவிடக் கனமானது. பாரிசில் லா சப்பல் தெருவில் அவனைப்போல் ஒருவனைக் கண்டதாக உமது உறவினர் ஒருவர் சொன்னார் என்றும், கூட ஒரு பெண் நின்றாள் என்றும் எழுதியிருக்கிறீர். நீர் கொதித்திருப்பீர் என்று எண்ணி அடுத்த வரிக்குப் போனேன். நீர் எழுதியிருந்ததோ இது: “ஆரோடையும் இருக்கட்டும் அண்ணை. இருந்தால் காணும்.”

உயிரோடு இருந்தாலே போதும் என்கிற இந்த வரிக்கு விடைசொல்லத்தான் இன்று எழுதுகிறேன். அதற்குமுன் இங்கே நடந்ததை நீர் அறியவேண்டும்.

சென்ற கிழமை ஆப்பிரிக்கக் காற்று வீசியது. அது வந்தால் இந்த ஊர் மூச்சுவிட மறந்துவிடும். சந்தையில் மீன்காரர்கூடக் கூவமாட்டார். நிலத்துக்கடியில் இருக்கிற எங்கள் அறைக்குள்ளும் வெக்கை இறங்கியது. கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா கொன்செத்தாவும் அந்த அறையில்தான் தம் தக்காளிச் சாற்றையும் உப்பிலிட்ட கேப்பர் மொட்டையும் வைத்திருக்கிறார். முற்பகலில் அவர் ஒரு சாடி எடுக்க இறங்கினார். ஒரு போத்தல் வெடித்தது. அதன் சிதறல் அடுத்ததில் பட்டது, அது அதற்கடுத்ததில். நான் ஓடிவந்தபோது அவர் படியில் இருந்தார். முன்கையில் கண்ணாடி ஏறியிருந்தது. வெண்நுரை குருதியோடு கலந்து படி படியாக வழிந்துகொண்டிருந்தது.

மருத்துவமனையில் தையல் போட்டார்கள். எப்படி நடந்தது என்று கேட்டவர்களிடம், சாடியோடு சறுக்கி விழுந்தேன் என்று பச்சைப்பொய் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என்னை நாற்காலியில் இருத்திப் பேசினார். கோபமில்லை. மாண்டோர் திருநாளில் இறந்தவர் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார் என்று நம்புகிற ஊர்க்காரி அவர். இறந்தவரிடம் அவருக்கு அச்சமில்லை. வெளியே வர வழி கேட்கிறவனைக் கீழே ஏன் கட்டிவைத்திருக்கிறாய் என்றுதான் கேட்டார். போத்தலைச் சொல்கிறீர்களா என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, தேநீர் ஊற்றச் சொன்னார்.

வீட்டுக்காரர் நிலவறையை ஒழிக்கச் சொல்லிவிட்டார். ஆவணிக்குள் எல்லாம் வெளியேற வேண்டும். வெடிக்கிற போத்தலைத் தூக்கிக்கொண்டு படியேற எவருக்கும் துணிவில்லை. திறப்பதுதான் ஒரே வழி.

இனி நான் சொல்லப்போவதைத் தனியே இருந்து வாசியும். ஜெனனி அருகில் இருந்தால் ஏதாவது வாங்கிவரக் கடைக்கு அனுப்பும்.

லக்சனின் மோட்டார்சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, உடைந்ததைக் கூட்ட இறங்கினேன். ஒரு போத்தலின் அடிப்பகுதி கிண்ணம்போல் நிமிர்ந்து நின்றது. அதற்குள் கொஞ்சம் மது தங்கியிருந்தது. விரலைத் தோய்த்து நாவில் வைத்தேன். பழைய வேலை, வேறொன்றும் நினைத்துச் செய்யவில்லை.

இனித்தது.

நுரைமது எப்படி ஆகிறது என்பதை அவன் உமக்கு எத்தனையோ முறை சொல்லியிருப்பான். திராட்சைச் சாறு முதலில் குடத்தில் நொதிக்கவேண்டும். இனிப்பு முழுவதையும் மதுவம் தின்றுமுடித்து, நாவில் வெறும் புளிப்பும் துவர்ப்பும் நிற்கும்போதுதான் அதைப் போத்தலில் அடைக்கவேண்டும். அடைக்கும்போது போடுகிற சிறு கரண்டி அளவு சீனிதான் உள்ளே நுரையாகும். முன்னதாக அடைத்தால், மிச்சமிருக்கும் இனிப்பெல்லாம் போத்தலுக்குள்ளேயே காற்றாக மாறி, கண்ணாடியைப் பிளக்கும். அவன் கழுவிக் கொண்டுவந்த உணவகத்துத் தடித்த போத்தல்களாலும் தாங்க முடியாது.

அவன் மிக முன்னதாக அடைத்துவிட்டான். கைதேர்ந்தவன், பொறுமைசாலி, இந்தத் தவறை ஒருநாளும் செய்யாதவன். எப்படிச் செய்தான் என்று அந்தப் படியிலேயே இருந்து எண்ணிப் பார்த்தேன். அந்தக் கிழமை நான் சூரிச்சில் இருந்தேன். நீர் போனில் வைத்திருக்கும் அந்தப் பேச்சைப் பேசப் போயிருந்தேன். மிதவைக்கோல் உடைந்திருந்தது. குமிழி வருவது குறைந்திருக்கும். குளிர் வந்ததால் குறைந்ததா, இனிப்புத் தீர்ந்ததால் குறைந்ததா என்பதை அறிய ஒரே வழி, ஒரு துளியை நாவில் வைப்பது.

ஒரு துளி, தங்கச்சி. விழுங்கக்கூடத் தேவையில்லை, துப்பிவிடலாம். அந்த அறையில் அவனைப் பார்க்க எவரும் இல்லை. ரொசாலியா அம்மாளும் ஒரு துளிக்குக் கணக்குக் கேட்டிருக்கமாட்டாள். அவன் வைக்கவில்லை. உமக்காக ஆக்கிய மதுவை, உம்மை எண்ணி நேர்ந்த நேர்த்தியால், சுவைக்காமலே அடைத்துவிட்டுக் கடலுக்குப் போனான்.

எவரும் காணாத இடத்தில் ஒரு துளிக்குக்கூட உமக்கு மாறு செய்யாத ஒருவன், உம்மையும் பிள்ளையையும் விட்டு லா சப்பல் தெருவில் இன்னொருத்தியோடு நிற்பான் என்று எவரும் எனக்குச் சொல்லட்டும். என் நா அதை நம்பாது. அந்த நா சுவைத்துவிட்டது.

‘இருந்தால் காணும்’ என்று எழுதினீர். அந்த வரியை உம்மிடமிருந்து பறிக்கிற கை என்னுடையதாக இருக்கக்கூடாது என்று எத்தனையோ தாளைக் கிழித்தேன். ஆனாலும் உமது கணவன் எப்படிப்பட்டவன் என்பதை அறிந்தபின் அதை மறைத்து வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்பதை மட்டுமே எழுதியிருக்கிறேன். அதிலிருந்து வேறென்ன விளங்குகிறதோ, அதை நான் எழுதமாட்டேன். எழுதும் உரிமை எவருக்கும் இல்லை. உம் ஒருவரைத் தவிர.

எனக்கு உத்தரவு தாரும். போத்தல்களைத் திறக்க விடும். தாலியைப் பற்றியோ, சடங்கைப் பற்றியோ, ஊர்வாயைப் பற்றியோ நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் உழைப்பால் இன்னொருவர் குருதி சிந்தக்கூடாது என்பதையே கேட்கிறேன். அவனும் அதைத்தான் கேட்பான்.

உமது கண்ணீரை இறைவன் எண்ணிவைப்பாராக.

அண்ணன்,
அகஸ்ரின்

*

அல்பெர்கேரியா, பலெர்மோ
புரட்டாதி 7, 2025

அன்புத் தங்கைக்கு,

நீர் தொலைபேசியில் அழைத்த அன்று நான் சரியாகப் பேசவில்லை. ஆகவே நீர் சொன்னதையும் நான் செய்ததையும் ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

நீர் முதலில் நலம்கூடக் கேட்கவில்லை. “எவ்வளவு இனிப்பு, அண்ணை?” என்றீர். முட்டியில் சுண்ணாம்பு தடவிப் பனையில் இறக்குகிற கருப்பணி அளவு என்றேன். பிறகு, “அப்ப அவர் தொடேல்லை,” என்றீர். கேள்வியாக அல்ல. அதன்பின் நீர் சொன்னதை நான் சாகும்வரை மறவேன். “நேர்த்தியோடை விடக்கூடாது. மலைக்குப் போங்கோ. நான் வந்திட்டன் எண்டு அந்த அம்மாளிட்டைச் சொல்லிவிடுங்கோ.”

நான் ரொசாலியாவிடம் பொய்சொல்வதா என்று கேட்க வாயெடுத்தேன். நீர் இணைப்பை வைத்துவிட்டீர்.

விடியலில் வெறுங்காலோடு பழைய கல்வழியால் ஏறினேன். அவனோடு எத்தனையோ ஞாயிறு ஏறிய வழி. அவன் முன்னே போவான், மூச்சிரைக்கிற என்னைப் பார்த்து, மேடையேறத் தெரிந்தவனுக்கு மலையேறத் தெரியவில்லை என்பான். இம்முறை வளைவுகளில் எவரோ முன்னே போவதுபோலவே இருந்தது. நான் விரைந்தால் அவரும் விரைந்தார். நின்றால் நின்றார். ஆளைக் காணவில்லை, ஒருமுறை சிறு கல் உருண்டு வந்தது. ஆடாகவும் இருக்கலாம்.

குகைக் கோவிலில் கூட்டம் இல்லை. பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரத் தாரைகள் சுவரோரம் இறக்குகின்றன. அந்தச் சொட்டொலி மட்டும் இருந்தது. நான் முழந்தாளிட்டேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழகிய வாய், “ஞானம்பிகை வந்துவிட்டாள்” என்று மட்டும் சொன்னது. பிறகு, “இனி அவன் குடிக்கலாம்” என்றது. அதைவிடக் குறுகிய பேச்சை நான் பேசியதில்லை. எழுந்து வரும்போது அது பொய்யாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் திறந்தோம். பல்லாரோ மீன்காரரிடம் பெட்டி பெட்டியாகப் பனிக்கட்டி வாங்கி, போத்தல்களைக் குளிரவைத்தேன். குளிர்ந்தால் உள்ளே இருக்கிற காற்று கொஞ்சம் அடங்கும். தலைக்கவசம், தடித்த கையுறை, லக்சனின் குளிர்கால மேலங்கி. கைக்கட்டோடு சிஞ்ஞோரா கொன்செத்தா வந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டார். போகச் சொன்னேன், போகவில்லை. மூடியை நெம்பியதும் ஒவ்வொன்றும் ஒரு பெருமூச்சோடு திறந்தது. பெரும்பாலானவற்றில் உள்ளே இருந்த அனைத்தும் நுரையாகப் பொங்கித் தொட்டியை நிறைத்து நிலத்தில் ஓடின. அறையெங்கும் ஈரப் பூமணம். சிலவற்றின் அடியில் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சியது. அதையெல்லாம் சேர்த்து ஒரு கண்ணாடிக்குவளையில் ஊற்றினேன்.

நான் வேதக்காரன், உங்கள் முறை முழுதாக எனக்குத் தெரியாது. படைத்துவிட்டுக் கதவைச் சாத்தவேண்டும், உண்பவர் உண்ணும்போது எட்டிப் பார்க்கக்கூடாது என்பது தெரியும். அவன் வழக்கமாக இருக்கும் நாற்காலியின் முன்னால் மேசையில் குவளையை வைத்தேன். அருகில் செலஸ்ரீனா பொரித்துத் தந்த மீன். அவன் பெயரைச் சொல்லி, தங்கச்சி அனுமதி தந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நானும் கொன்செத்தாவும் லக்சனும் படியில் இருந்தோம். உள்ளே ஒலி ஒன்றும் இல்லை என்று எழுத விரும்புகிறேன். நாற்காலி இழுபட்டதுபோல் மூவருக்கும் கேட்டது. மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தபோது குவளை நிறைந்தபடி இருந்தது. நுரை மட்டும் முழுதாக அடங்கியிருந்தது.

அதை நாங்கள் பகிர்ந்து குடித்தோம். கொன்செத்தா சுவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உமது பெயரைக் கேட்டார். நாவில் சரியாக வரும்வரை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இப்போது செபமாலை சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்கிறாராம்.

பகேரியாவில் இவ்வாண்டுத் திராட்சை பழுத்துவிட்டது. வழக்கறிஞர் கூடை கூடையாகத் தந்தார். பிழிந்து குடத்தில் ஊற்றியிருக்கிறேன். நாள்தோறும் சுவைத்துப் பார்க்கிறேன். அடைப்பதற்கு அவசரம் இல்லை.

இனி ஒரு செய்தி. ஜெனனி சென்ற கிழமை உமக்குத் தெரியாமல் என்னோடு பேசினாள். கோபிக்கக்கூடாது, பிள்ளை அழுதுகொண்டு பேசினாள். அந்தக் கார்த்திகையிலிருந்து நீர் இரவில் தெருவாசல் படலைக்குச் சங்கிலி போடுவதில்லையாம். தெருநாய் தள்ளினாலும், காற்றுத் தள்ளினாலும் எழுந்து முற்றத்துக்குப் போகிறீராம். போய் நின்று பார்த்துவிட்டு வந்து, கட்டிலில் கண்விழித்தே கிடக்கிறீராம். “மாமா, நான் சொன்னால் அம்மா கேக்கமாட்டா. நீங்கள் சொல்லுங்கோ,” என்றாள்.

நான் சொல்ல என்ன இருக்கிறது? மலையில் உமக்காக நின்று நீர் வந்துவிட்டீர் என்று சொன்னவன் நான். வரவேண்டியவர் வந்தாயிற்று. உமது வீட்டில் பிள்ளை தூங்கவேண்டும், நீரும் தூங்கவேண்டும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் எழுந்து முற்றத்துக்குப் போம்.

படலைக்குச் சங்கிலி போட்டுவிட்டு உறங்கும், தங்கச்சி.

உமது அண்ணன்,
அகஸ்ரின்